குட்டுஸாவின் தூக்கம்

தலைவன் ஒருவனைப் பாத்திரமாக வைத்து நாவல் எழுதுவது சுலபமான காரியம் அல்ல. காதலர்களை எழுதிவிடலாம், கடன்காரனை எழுதிவிடலாம், மாமியாரை எழுதுவதற்குக் கேட்கவே வேண்டாம். நாலு பேர் நம்பிப் பின்னால் போகிற மனிதனை, வாசகனும் நம்புகிற மாதிரி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால்தான் பேனா நகர மறுக்கிறது. நம் தொடர்கதைகளில் இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. அகன்ற நெற்றி, கூரிய பார்வை, வெண்கலக் குரல்; அதற்குமேல் இரண்டு பக்கத்துக்கு ஒரு பிரசங்கம். கூட்டம் கை தட்டுகிறது. அந்தக் கைதட்டலையே அவனுடைய தலைமைக்கு அத்தாட்சியாக ஏற்றுக்கொண்டு, நாமும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம்.

டால்ஸ்டாய் இந்த வழியில் போகவில்லை. 'போரும் வாழ்வும்' நாவலில் அவர் நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிற தலைவர் ஒரு கிழவர். பருத்த சரீரம். ஒரு கண்ணில் பார்வை இல்லை. குதிரை மீதிருந்து இறங்குவதற்கே பெருமூச்சு விட்டுத் திண்டாடுகிறார். ஆஸ்டர்லிட்ஸ் யுத்தத்துக்கு முதல் நாள் இரவு, மறுநாள் எந்தப் படை எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஒரு ஆஸ்திரிய தளபதி மணிக்கணக்கில் திட்டம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, இவர் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். அந்தத் திட்டத்தின் மேல் தமக்குள்ள அலட்சியத்தைக் காட்டுவதற்காகப் பாசாங்கு பண்ணுகிறார் என்று முதலில் தோன்றுகிறது. அப்படி இருந்தால் அது ஒரு நாடகத்தனம். கைதட்டலுக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் கிழவர் நிஜமாகவே தூங்கிவிட்டார் என்று டால்ஸ்டாய் ஸ்பஷ்டமாகச் சொல்கிறார். ஒரு சேனாதிபதியை இப்படி அறிமுகம் செய்துவிட்டு, ஆயிரம் பக்கம் கழித்து அதே மனிதருக்காக நம்மைக் கண் கலங்க வைக்கிறாரே, அது எப்படி என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

குட்டுஸாவ் கற்பனை மனிதர் அல்ல. 1745-ல் பிறந்து 1813-ல் இறந்த ரஷ்ய சேனாதிபதி. துருக்கியரோடு நடந்த யுத்தங்களில் இரண்டு தடவை தலையில் குண்டு பட்டும் பிழைத்தவர். 1812-ம் வருஷம் நெப்போலியன் பெரும்படையோடு ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 66. அலெக்ஸாண்டர் சக்ரவர்த்திக்கு அவரைப் பிடிக்காது. வேறு வழியில்லாமல்தான், ஊரெல்லாம் அவர் பெயரைச் சொன்னதால், ஆகஸ்டு மாதத்தில் பிரதம சேனாதிபதி ஆக்கினார். குட்டுஸாவ் பராடினோவில் ஒரு பயங்கர யுத்தம் செய்தார். பிறகு மாஸ்கோ நகரத்தையே எதிரியிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். எரிந்துபோன அந்த நகரத்தில் நெப்போலியன் ஐந்து வாரம் காத்திருந்தான். சமாதானத்துக்கு அவன் அனுப்பிய தூதுக்குப் பதில் இல்லை. பனிக்காலம் நெருங்கவே திரும்பிப் புறப்பட்டான். வழியில் அவன் சைன்யம் அழிந்தது. நடந்தது இவ்வளவுதான். இதில் தலைமை என்பது எந்த இடத்தில் இருக்கிறது?

டால்ஸ்டாயிடமே கேட்டால், எங்குமே இல்லை என்பார். அவர் சரித்திரப் புஸ்தகங்களை மட்டும் படித்துவிட்டு யுத்தத்தை எழுதியவர் அல்ல. 1854, 55-ம் வருஷங்களில் ஸெவஸ்டபோல் முற்றுகையில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். உத்தரவுகள் எங்கே புறப்படுகின்றன, எங்கே காணாமல் போகின்றன என்பதைக் கண்ணால் கண்டவர். சரித்திரத்தை மகா புருஷர்கள் நடத்துகிறார்கள் என்ற எண்ணமே அவருக்கு வேப்பங்காய். மந்தைக்கு முன்னால் நடக்கிற செம்மறிக் கடாவுக்குத் தனியாகத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள், மற்ற ஆடுகள் அதை மேதாவி என்று நினைத்துக்கொள்கின்றன. அவ்வளவுதான் நெப்போலியன் என்கிறார். இந்தச் சித்தாந்தத்தை நாவலின் கடைசியில் ஒரு முழுப் பகுதியாகவே எழுதி வைத்திருக்கிறார். பல பேர் அந்தப் பகுதியைப் படிக்காமல் புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்களை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் சித்தாந்தி டால்ஸ்டாய் மறுத்ததை எல்லாம், நாவலாசிரியர் டால்ஸ்டாய் அதற்கு முன்பே காட்டிவிட்டார்.

ஷோன்கிராபன் சண்டையை எடுத்துக்கொள்வோம். 1805-ம் வருஷம், ஆஸ்திரியாவில். பெரிய சைன்யம் தப்பிப் போக அவகாசம் வேண்டும். அதற்காகப் பக்ராத்தியான் என்ற தளபதி, களைத்துப் பசித்த ஒரு சிறு படையை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆண்ட்ரூ கோமகன் அவர் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறான். புத்திசாலிப் பையன், யுத்த சாஸ்திரம் படித்தவன், மகா தளபதியின் வாயிலிருந்து வரப்போகிற உத்தரவுகளுக்காகக் காத்திருக்கிறான். உத்தரவே வரவில்லை. யார் யாரோ வந்து என்னென்னவோ நடந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பக்ராத்தியான் தலையை அசைக்கிறார், தாம் எதிர்பார்த்ததும் அதையேதான் என்பதுபோல. தற்செயலாக நடந்ததும், கீழ் அதிகாரிகள் தாமாகச் செய்ததும் எல்லாம் அவருடைய உத்தேசப்படியே நடப்பதுபோல ஒரு தோற்றம். ஏமாற்று வித்தை என்று சொல்லிவிடலாம். ஆனால் முகம் வெளிறி ஓடிவந்த அதிகாரிகள், அவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றதும் நிதானப்பட்டுத் திரும்பிப் போகிறார்கள். சிப்பாய்கள் அவரைப் பார்த்ததும் உற்சாகம் கொள்கிறார்கள். ஆண்ட்ரூவுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது.

நமக்கு அவ்வளவு ஆச்சரியம் இருக்க வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் நாம் பார்த்ததுதான். மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பந்திக்கும் சமையல்கட்டுக்குமாக ஓடி, எல்லாரையும் விரட்டிக்கொண்டே இருப்பவர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் கல்யாணமே நின்றுபோகும் என்று அவர் நினைப்பு. கூடத்து மூலையில் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். பால் திரிந்துவிட்டது என்று பதறிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். "சரி, அதனால் என்ன?" என்பாள். அதற்குமேல் அவள் ஒன்றும் செய்வதில்லை. வந்தவர்கள் பதற்றம் தணிந்து போய், தாங்களே ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவார்கள். பால் என்னவோ திரிந்தது திரிந்ததுதான்.

அதே சண்டையில் டூஷின் என்று ஒரு காப்டன் வருகிறான். என்னைக் கேட்டால் நாவலிலேயே அருமையான சிறு பாத்திரம் இவன்தான். மெல்லிய குரல், குள்ளமான உருவம், வாயில் சின்னப் புகைக்குழாய். முதல் முறை நாம் அவனைப் பார்க்கும்போது காலில் பூட்ஸ்கூட இல்லாமல் மேலதிகாரியிடம் அகப்பட்டுக்கொண்டு அசடு வழிய நிற்கிறான். சண்டையில் அவனுடைய நாலு பீரங்கிகளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். காவலுக்கு இருந்த படையும் போய்விட்டது. அது தெரியாமலே, அல்லது தெரிந்தும் லட்சியம் செய்யாமலே, அவன் பீரங்கிகளோடு செல்லமாகப் பேசிக்கொண்டு சுட்டுத் தள்ளுகிறான். அங்கே ஒரு பெரும்படை இருப்பதாகப் பிரெஞ்சுக்காரர்கள் நினைத்து ஏமாந்துபோகிறார்கள். சாயங்காலம் தளபதியின் முன்னால் அவனை நிறுத்தி, இரண்டு பீரங்கிகளை விட்டுவிட்டு வந்தது ஏன் என்று கேட்கிறார்கள். காவல் படை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். சொன்னால் வேறு யாராவது ஓர் அதிகாரி மாட்டிக்கொள்வானே என்று சொல்லாமல் நிற்கிறான். பரீட்சையில் பதில் தெரியாத பையன் வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி தளபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆண்ட்ரூதான் அவனுக்காகப் பேசுகிறான்.

நாவல் முழுவதும் டால்ஸ்டாய் தம் மனிதர்களை எந்தத் தராசில் நிறுக்கிறார் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. பழி வரும்போது அது எந்தப் பக்கம் போகிறது? மேலே இருப்பவன் அதைத் தானே வாங்கிக்கொள்கிறானா, கீழே தள்ளிவிடுகிறானா? டூஷின் வாங்கிக்கொள்கிறான். அவனிடம் வேலை செய்கிற பீரங்கிச் சிப்பாய்கள் குழந்தைகள் மாதிரி அவன் முகத்தையே பார்த்து, அதில் தெரிகிற பாவத்தைத் தங்கள் முகத்திலும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாரே, அதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இந்தப் பாடம் ஆண்ட்ரூவின் மனசில் மெள்ள மெள்ளத்தான் இறங்குகிறது. ஆரம்பத்தில் அவனும் நெப்போலியனைப் போல ஒரே நாளில் பெயர் எடுக்க வேண்டும் என்று கனவு கண்டவன். ஏழு வருஷம் கழித்து, 1812-ல், ராஜாங்க ஆலோசனைக் கூட்டங்களில் மேதாவித் தளபதிகள் போடுகிற சண்டையைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு வெறுத்துவிடுகிறது. சக்ரவர்த்தியின் பக்கத்தில் இருக்கும் உத்தியோகத்தை வேண்டாம் என்று சொல்லி, ஒரு ரெஜிமெண்டுக்குப் போய்ச் சேர்கிறான். அரண்மனை வட்டாரத்தில் அத்தோடு அவன் கதை முடிந்தது. ரெஜிமெண்டில் அவனை 'நம்ம கோமகன்' என்று கூப்பிடுகிறார்கள்.

பராடினோவுக்கு வருவோம். 1812 செப்டம்பர் 7. இரு தரப்பிலும் சேர்ந்து சுமார் 2,50,000 பேர் மோதிக்கொண்டார்கள். ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 70,000-க்குக் குறையாது. டால்ஸ்டாய் இரண்டு தலைவர்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். நெப்போலியன் உடம்பெல்லாம் வாசனைத் தைலம் தேய்க்கச் சொல்லிக் குளித்து, பாரிஸிலிருந்து வந்த தன் பிள்ளையின் சித்திரத்தைப் பார்த்துத் தகப்பனாருக்கு வேண்டிய முகபாவத்தை வரவழைத்துக்கொண்டு, பிறகு உத்தரவு மேல் உத்தரவு போடுகிறான். அந்த உத்தரவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுகூட நிறைவேறவில்லை, நிறைவேறியிருக்கவும் முடியாது என்று ஒரு வக்கீலைப்போல டால்ஸ்டாய் வாதாடுகிறார். கொஞ்சம் அதிகமாகவே வாதாடுகிறார். கட்சிக்காரன் மேல் இவ்வளவு கோபம் இருந்தால் சாட்சி சொல்ல வருகிறவரை நீதிபதி கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

குட்டுஸாவ் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் சொல்கிற செய்தியைவிட, சொல்கிற முகத்தையும் குரலையுமே கவனிக்கிறார். சேதி பொய்யாக இருக்கலாம். நடுங்குகிற குரல் பொய்யாக இராது. மத்தியானத்துக்கு மேல் ஓர் ஜெர்மன் அதிகாரி வந்து, எல்லாம் போய்விட்டது, இடது புறம் சிதறிவிட்டது என்று தெரிவிக்கிறான். அவன் சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான். கோழிக்கறி மென்றுகொண்டிருந்த கிழவருக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. அவனைக் கண்டபடி திட்டிவிட்டு, நாளைக்கு நாம் எதிர்த்துத் தாக்கப் போகிறோம் என்று உத்தரவு எழுதச் சொல்கிறார். அந்தச் செய்தி வாய்க்கு வாய் மாறி, வார்த்தைகளெல்லாம் உருமாறி, சைன்யத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேருகிறது. களைத்து விழ இருந்தவர்களுக்குத் தெம்பு வருகிறது. மறுநாள் அவர் தாக்கவில்லை. தாக்குவதற்கு ஆள் இல்லை. அப்படியானால் பொய் சொன்னாரா? ஆமாம் என்றுதான் நான் சொல்வேன். டால்ஸ்டாய் இதைத் தாண்டிப் போய்விடுகிறார். அந்த ராத்திரி சைன்யம் குலைந்து ஓடாமல் நின்றதற்கு அந்தப் பொய்யும் ஒரு காரணம் என்பதை வாசகன் மனசில் போட்டுக்கொண்டு மேலே படிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கடனை அவர் ஒரு வாரத்துக்குள் வட்டியோடு கட்டுகிறார்.

மாஸ்கோவுக்கு வெளியே பீலி என்ற கிராமம். செப்டம்பர் 13. ஒரு குடியானவன் வீட்டில் தளபதிகள் கூடுகிறார்கள். மாஸ்கோவுக்காகச் சண்டை போடுவதா, விட்டுவிடுவதா? சரித்திரத்தில் பிரசித்தி பெற்ற இந்தக் கூட்டத்தை டால்ஸ்டாய் யார் கண்ணால் பார்க்க வைக்கிறார் தெரியுமா? அடுப்பு மேடையில் படுத்திருக்கும் மாலாஷா என்ற ஆறு வயசுக் குடியானவப் பெண்ணின் கண்ணால். வீட்டுக்காரர்களெல்லாம் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தை மட்டும் அடுப்பு மேலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிழவர் அதற்கு ஒரு சர்க்கரைக் கட்டி கொடுத்திருக்கிறார். அதனால் அவர் 'தாத்தா'. எதிரே பென்னிக்ஸன் என்ற தளபதி நீண்ட கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் 'கோட்டுக்கார'ருக்கும் தாத்தாவுக்கும் ஏதோ சண்டை என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. மனசுக்குள்ளே தாத்தா கட்சி.

பென்னிக்ஸன் கேள்வியைப் போடுகிற விதமே தந்திரமானது. புராதனமான, புண்ணிய நகரத்தைச் சண்டை போடாமல் விடலாமா என்கிறார். இப்படிக் கேட்டால் யார்தான் விடலாம் என்பார்கள்? விடச் சொல்கிறவன் துரோகி ஆகிவிடுகிறான். கிழவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. படையை இழந்து நகரத்தையும் இழப்பதா, நகரத்தை மட்டும் இழப்பதா, இதுதான் கேள்வி என்று மாற்றிப் போடுகிறார். கொஞ்ச நேரம் விவாதம் நடக்கிறது. பிறகு எழுந்து, எல்லாருடைய அபிப்பிராயத்தையும் கேட்டாயிற்று, உடைந்த சாமானுக்கு விலை கொடுக்க வேண்டியவன் நான் என்கிற பாவனையில், பின்வாங்குங்கள் என்று உத்தரவிடுகிறார். ஓட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பழியில் பாதியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம். எல்லாரும் போனபிறகு இருட்டில் தனியாக உட்கார்ந்து, இப்படி எப்போது ஆயிற்று, எப்போது இது தீர்மானமாயிற்று, யார் மேல் குற்றம் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். மாலாஷா அடுப்பிலிருந்து பின்பக்கமாக, கால்விரல்களால் படியைத் துழாவித் துழாவி இறங்கிச் சாப்பிடப் போகிறாள்.

இந்த இடத்தில் குழந்தையைக் கொண்டுவந்து வைத்ததில் சாமர்த்தியம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனசில்லை. தளபதிகள் பேசுகிற பாஷை குழந்தைக்குப் புரியாது. மானம், பக்தி, கீர்த்தி என்ற சொற்களெல்லாம் அதன் காதில் வெறும் சத்தமாக விழுகின்றன. யார் முகத்தில் வேதனை இருக்கிறது, யார் முகத்தில் வீம்பு இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரிகிறது. பராடினோவில் குட்டுஸாவ் எப்படி மற்றவர்களைப் பார்த்தாரோ, அப்படி இப்போது ஒரு குழந்தை குட்டுஸாவைப் பார்க்கிறது.

அதே நாட்களில் மாஸ்கோவுக்குள் இன்னொரு தலைவன் இருந்தான். கவர்னர் ராஸ்தோப்சின். ஜனங்கள் பேசுகிற கொச்சையிலேயே வேடிக்கையாகத் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டியவன். எதிரி வந்தால் நானே உங்களை நடத்திக்கொண்டு போவேன் என்று வீரம் பேசியவன். ஊரைக் காலி செய்கிற நாளன்று அவன் வாசலில் ஜனங்கள் கூடி, எங்களை நடத்திக்கொண்டு போ என்று நிற்கிறார்கள். என்ன செய்வான்? வெரஷ்சாகின் என்ற இளைஞனைச் சிறையிலிருந்து கொண்டுவரச் செய்து, மாஸ்கோ பறிபோவதற்கு இந்தத் துரோகிதான் காரணம் என்று சொல்லி, கூட்டத்தின் கையில் கொடுத்துவிடுகிறான். கூட்டம் அந்தப் பையனை அடித்துக் கொல்கிறது. கவர்னர் கொல்லைப்புற வழியாக வண்டி ஏறிப் போய்விடுகிறான். போகும் வழியில் நடுங்குகிறான். பிறகு பொதுஜன நன்மைக்காகச் செய்தேன் என்று தன்னைச் சமாதானம் பண்ணிக்கொள்கிறான். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை செய்ய முடியாது. ராஸ்தோப்சினும் ஜனங்களின் பாஷையில்தான் பேசினான் என்பதைக் கவனிக்க வேண்டும். குட்டுஸாவைவிட நன்றாகவே பேசினான்.

அந்த நகரத்திலேயே, ஏறக்குறைய அதே நேரத்தில், நடாஷா என்ற பெண் ஓர் உத்தரவு போடுகிறாள். வீட்டுச் சாமான்களை எல்லாம் வண்டிகளில் ஏற்றியாகிவிட்டது. முற்றத்தில் பராடினோவில் காயம்பட்ட சிப்பாய்கள் கிடக்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள அப்பாவுக்கு மனசு இருக்கிறது, அம்மாவிடம் பயம். நடாஷா புயல் மாதிரி உள்ளே வந்து, இது மகா கேவலம் என்று அம்மாவிடம் கத்துகிறாள். சாமான்கள் இறங்குகின்றன, மனிதர்கள் ஏறுகிறார்கள். வேலைக்காரர்களுக்கு முந்தின நிமிஷம் வரை சாமான் ஏற்றுவது இயல்பாகப்பட்டது. இப்போது இதுதான் இயல்பு, வேறு எதுவும் செய்ய முடியாது என்று தோன்றிவிடுகிறதாம். 1812-ல் ரஷ்யாவில் பிறந்த நல்ல உத்தரவுகளில் அது ஒன்று. சரித்திரப் புஸ்தகத்தில் அதற்கு இடம் கிடையாது.

பிறகு நடந்ததை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. நெப்போலியன் மாஸ்கோவை விட்டுப் புறப்பட்டுவிட்டான் என்ற சேதி ஒரு ராத்திரி வருகிறது. கிழவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சுவாமி படங்கள் இருந்த மூலைப்பக்கம் திரும்பிக் கண்ணீர் விடுகிறார். அதற்குமேல் அவர் செய்ததெல்லாம் ஒன்றே. ஓடுகிறவனை மறித்துச் சண்டை போட்டுப் பெயர் வாங்க வேண்டும் என்று துடித்த தம்முடைய தளபதிகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருந்தார். ஓடுகிறவர்களைத் துரத்துவதிலேயே, சண்டையே இல்லாமல், ஒரு லக்ஷம் பேர் கொண்ட ரஷ்யப் படை பாதியாகக் குறைந்துவிட்டது என்று டால்ஸ்டாய் கணக்குச் சொல்கிறார். கிழவருக்குக் கோழை என்று பெயர், சோம்பேறி என்று பெயர், அரண்மனையில் ஏளனம். டிசம்பர் 5-ந் தேதி நெப்போலியன் மிஞ்சியிருந்த படையைப் பனியில் விட்டுவிட்டுச் சறுக்கு வண்டியில் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டான். அதை மகத்தான காரியம் என்று எழுதுகிற சரித்திராசிரியர்களை நினைத்து டால்ஸ்டாய்க்கு வருகிற கோபம் நியாயமானதுதான்.

இவ்வளவு தூரம் டால்ஸ்டாயோடு கூடவே வந்துவிட்டேன். இனி அவரோடு சண்டை.

முதலாவது, நிஜக் குட்டுஸாவ் இப்படி ஆற்றோடு போகிற கட்டையாக இருந்தவர் அல்ல. 1811-ல் டான்யூப் நதிக்கரையில், தாம் பின்வாங்குவதுபோலக் காட்டித் துருக்கியரை ஆற்றைத் தாண்ட வைத்து, பிறகு வளைத்துப் பட்டினி போட்டவர். அடுத்த வருஷம் நெப்போலியன் வருவதற்குள் அவர்களோடு சமாதானமும் செய்து முடித்தார். மாஸ்கோவை விட்டபிறகு ஒரு சாலையில் போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, படையை ரகசியமாக வேறு சாலைக்குத் திருப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் பல நாள் அவரைத் தேடினார்கள். டால்ஸ்டாயோ, உணவு கிடைக்கும் பக்கமாகப் படை தானாகவே நகர்ந்தது என்கிறார். சித்தாந்தத்தைக் காப்பாற்றுவதற்காகத் தம் கதாநாயகரின் மூளையைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டார். சும்மா இருப்பதே தலைமை என்று யாராவது இந்த நாவலைப் படித்துவிட்டு நினைத்தால் அந்தப் பாவம் டால்ஸ்டாயைச் சேரும். எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தக் கிழவருக்கு ஐம்பது வருஷத்து யுத்த அனுபவம் தேவைப்பட்டது.

இரண்டாவது, இது பெரிய சண்டை, பார்க்ளே என்ற மனிதரைப் பற்றியது. குட்டுஸாவுக்கு முன்னால் சைன்யத்தை நடத்தியவர் அவர். ஸ்காட்லாந்து வம்சாவளி, ஜெர்மன் பேசுகிற குடும்பம். பின்வாங்கிப் பின்வாங்கி நெப்போலியனை உள்ளே இழுத்து வந்த காரியத்தை ஆரம்பித்தவரே அவர்தான். அதற்காக அவரைத் துரோகி என்றார்கள். சிப்பாய்கள் முகம் கொடுக்கவில்லை. பதவியைக் குட்டுஸாவிடம் கொடுத்தபிறகும் கோபித்துக்கொண்டு போகாமல், அவருக்குக் கீழே நின்று பராடினோவில் போரிட்டார். பீலியில், மாஸ்கோவை விட்டுவிடுவதுதான் சரி என்று தைரியமாகச் சொன்னவரும் அவர்தான். ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவர் துரோகி, ஒருவர் தாத்தா.

ஆண்ட்ரூ இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறான். வீட்டில் கெட்டிக்காரனான ஓர் அந்நிய வேலைக்காரன் இருக்கிறான். அப்பாவுக்கு வேண்டியதை உன்னைவிட நன்றாகவே செய்கிறான். ஆனால் அப்பா சாகக் கிடக்கும்போது அவனைத் தள்ளிவிட்டு, உனக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீயேதான் பணிவிடை செய்வாய். உன் கைதான் அவருக்கு இதமாக இருக்கும் என்கிறான். உருக்கமான விளக்கம். படிக்கிற போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். புஸ்தகத்தை மூடியபிறகுதான் உறுத்துகிறது. நம்மவன் என்கிற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ராஸ்தோப்சினும் நம்மவன்தான். பழியை யார் தாங்குகிறார்கள் என்ற தராசை நமக்குக் கையில் கொடுத்தவரே டால்ஸ்டாய்தான். அந்தத் தராசில் வைத்தால் பார்க்ளே குட்டுஸாவுக்கு ஒரு குன்றிமணி குறைவாரா? குட்டுஸாவுக்காவது சிப்பாய்களின் அன்பு இருந்தது. இவர் அதுவும் இல்லாமல் தாங்கினார். டால்ஸ்டாய் அவரைப் பீலியில் ஜுரத்தோடு மூலையில் உட்கார வைத்துவிட்டு, கண்ணெடுத்துப் பார்க்காமல் போய்விட்டார். புஷ்கின் அப்படிச் செய்யவில்லை. டால்ஸ்டாய்க்கு 30 வருஷம் முன்பே, 1835-ல், பார்க்ளேயின் படத்தைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் கஸான் தேவாலயத்துக்கு எதிரே 1837-ல் இரண்டு பேருக்குமே சிலை வைத்தார்கள். குட்டுஸாவின் உடல் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறது.

டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்ததால் நமக்கு இந்த நாவல் தமிழிலேயே கிடைக்கிறது. ரஷ்யப் பெயர்களுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் முதல் 100 பக்கத்துக்கு ஒரு காகிதத்தில் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். அவகாசம் இல்லாதவர்கள் ஷோன்கிராபன் சண்டையையும் பீலிக் கூட்டத்தையும் மட்டுமாவது படிக்கலாம். பீலியைப் படிக்கும்போது, தாத்தாவையும் கோட்டுக்காரரையும் பார்த்தபிறகு, ஜுரத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த வெளிறிய முகத்தையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.